ஆள் குறைந்த ஆலயங்களில் மணி அடிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய சேகர குருமார்களே, உபதேசியார்களே, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே, கோவில்பிள்ளைகளே,



தென்மாவட்டத்துத் தேரிக்காட்டு ஊர்களிலும் கடலோரச் சிற்றூர்களிலும் ஞாயிற்றுக்கிழமை எப்படி விடிகிறது என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் மணி, இரண்டாம் மணி, மூன்றாம் மணி எல்லாம் நேரத்துக்கு அடிக்கிறது. வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். ஆர்மோனியம் வாசித்த பையன் பெங்களூருவில் கணினி முன் உட்கார்ந்திருக்கிறான். ஓய்வுநாள் பள்ளியில் கதை சொன்ன அக்கா திருமணமாகி மஸ்கட் போய்விட்டார். அசனப் பண்டிகை வந்தால் மட்டும் ஊர் தலைகீழாக மாறும். கார் நிறுத்த இடம் கிடைக்காது, அண்டா அண்டாவாகச் சோறு வேகும், ஆலயத்துக்குள் நிற்கக்கூட இடமிருக்காது. அடுத்த ஞாயிறு பழையபடி அதே இருபது முப்பது முகங்கள்.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தில் திருமண்டலத் தேர்தல், அதன் பின்னால் வரும் வழக்கு, வழக்கின் பின்னால் வரும் சமாதானக் கூட்டம், சமாதானக் கூட்டத்தில் பிறக்கும் புதிய வழக்கு. ஆலயத்துக்கு வருவதை நிறுத்திய பலர் கடவுளிடம் கோபித்துக்கொண்டு நின்றவர்கள் அல்லர், நம்மிடம் கோபித்துக்கொண்டு நின்றவர்கள். 2020 மார்ச் மாதம் கொரோனாவால் பூட்டிய கதவுகளை எல்லா ஊர்களிலும் திறக்கத் தமிழ்நாட்டில் செப்டம்பர் 1ஆம் தேதிதான் அனுமதி கிடைத்தது. அந்த ஐந்து மாதங்களில் கைப்பேசியில் ஆராதனை பார்க்கப் பழகியவர்களில் சிலர் இன்னும் கைப்பேசியைவிட்டு வெளியே வரவில்லை.

இந்த நிலையில் உங்களுக்குச் சோர்வு வருவது இயல்பு. வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் சபைக்குள் சோர்வைப் பற்றி வாய் திறந்தால் உடனே ஒரு குரல் வரும்: விசுவாசம் போதவில்லை, ஜெபம் போதவில்லை, உபவாசம் இருங்கள். களைத்தவனின் முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்றும் வைத்தியம் இது. வேதாகமம் அப்படிச் செய்யவில்லை.

எலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கிய கையோடு, யேசபேல் அரசியின் ஒரு மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடியவர் அவர். ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு செத்தால் போதும் என்று கேட்டார். வந்த தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு ஜாடித் தண்ணீரும் வைத்து, சாப்பிடு என்றான். சாப்பிட்டவர் மறுபடி தூங்கினார். தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். பேச்சு பிறகுதான். தீர்க்கதரிசிகளிலேயே பெரியவருக்குக் கிடைத்த முதல் சிகிச்சை சோறும் தூக்கமும். வாரத்துக்கு ஏழு நாளும் ஊழியம் பார்த்துவிட்டு, ஒரு நாள் ஓய்வெடுத்தால் ஊர் என்ன சொல்லுமோ என்று பயப்படும் உபதேசியார் ஒவ்வொருவரும், அவருக்கு அந்த ஒரு நாளைக்கூடத் தர மனமில்லாத சபைக் கமிட்டியார் ஒவ்வொருவரும் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசிப்பது நல்லது.

அதே அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு. நான் ஒருவன் மாத்திரமே மிஞ்சினேன் என்பது எலியாவின் கணக்கு. பாகாலுக்கு முழங்கால் முடக்காதவர்கள் ஏழாயிரம் பேர் என்பது கடவுளின் கணக்கு. சோர்ந்தவன் போடும் தலைக்கணக்கு நம்பத்தக்கதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த ஏழாயிரம் பேரின் பெயர்ப் பட்டியல் வேதாகமத்தில் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மடலின் பின்பகுதியில் அது தேவைப்படும்.

இனி அழுகையைப் பற்றி. நம் ஆராதனைகளில் துதி இருக்கிறது, ஸ்தோத்திரம் இருக்கிறது, சாட்சி இருக்கிறது. புலம்பலுக்கு மட்டும் இடம் இல்லை. சங்கீதப் புத்தகத்தின் 150 பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகளும் புலம்பல்களும்தாம். 88ஆம் சங்கீதம் கடைசி வரி வரை இருட்டிலேயே நின்றுவிடுகிறது. முடிவில் ஒரு ஆறுதல் வார்த்தைகூட ஒட்டப்படவில்லை. எருசலேம் எரிந்த பிறகு எழுந்த புலம்பல் நூலில் ஐந்து அதிகாரங்கள். நம்பிக்கையின் குரல் மூன்றாம் அதிகாரத்தின் நடுவில் வருகிறது. அதோடு நூல் முடிந்துவிடவில்லை, மறுபடியும் அழுகைக்குத் திரும்புகிறது. வாழ்க்கையும் அப்படித்தானே. ஒரு முறை தேறியவர் மறுபடி அழக் கூடாது என்று எந்த வேதமும் சொல்லவில்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள் இதை உலகத்துக்குக் காட்டின. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்காதவர்கள் அநேகர். திருவருகைக்காலம் தொடங்கும் நேரம் அது. குருக்களும் கன்னியரும் மக்களும் ஜெபமாலையோடு நின்றுவிடவில்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸை அந்த ஊர்கள் கொண்டாட்டமில்லாமல் கடந்தன. நட்சத்திர விளக்கு தொங்கவிடாத அந்த வீடுகளில் விசுவாசம் குறைந்திருந்ததாக யாராவது சொன்னால் அவருக்குக் கடலும் தெரியாது, விசுவாசமும் தெரியாது. நீதி கேட்டு அழுவது ஜெபம். நம் ஞாயிறு ஆராதனை முறைமைக்குள் அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்க முடியாதா? கடன் தொல்லையில் இருப்பவர், மகனைக் குடிக்குப் பறிகொடுத்தவர், நோயாளியோடு மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடப்பவர் எல்லாரும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் சிரித்த முகத்தோடு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அழுகிறார்கள்.

சரி, அழுத பிறகு? இங்கேதான் நம் சொந்த வரலாறு கைகொடுக்கிறது. அந்த வரலாற்றைப் பெரும்பாலும் தேதிகளாகவும் சிலைகளாகவும் நினைவில் வைத்திருக்கிறோம். மிஷனெரி சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார், 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார் என்று மூன்று வெற்றிகளை அடுக்கிவிடுகிறோம். அந்த மூன்றுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் உங்களுக்குத் தேவையான பாடம்.

வந்த இரண்டாம் ஆண்டே டேனிஷ் ஆளுநரோடு மோதல். 1708 நவம்பரில் கோட்டைக்குள் சிறை. வெளியே வர நான்கு மாதங்கள் ஆயின. சிறையில் தள்ளியவர்கள் சிலுவைக்கு எதிரிகள் அல்லர், அதே சிலுவையைக் கொடியில் வைத்திருந்த கம்பெனிக்காரர்கள். ஐரோப்பாவிலிருந்து அனுப்பப்பட்ட பணம் துறைமுகத்துக்கு அருகிலேயே படகு கவிழ்ந்து கடலில் போயிற்று. கட்டிய முதல் ஆலயத்தையும் பின்னாளில் கடல் கொண்டுபோனது.

அச்சு இயந்திரத்தின் கதை இன்னும் விசேஷம். 1711இல் லண்டனிலிருந்து கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஒரு அச்சு இயந்திரத்தையும் அதை ஓட்ட ஒரு அச்சுத் தொழிலாளியையும் கப்பலில் அனுப்பியது. பிரேசிலின் ரியோ துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். மீட்புப் பணம் கொடுத்துக் கப்பல் விடுபட்டது, அச்சு இயந்திரமும் தப்பியது. அச்சுத் தொழிலாளி வழியிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். இயந்திரம் இந்தியா வந்து சேர்ந்தபோது அதை ஓட்டத் தெரிந்தவர் இல்லை. கோட்டையிலிருந்த ஒரு படைவீரருக்கு அச்சுத் தொழில் தெரியும் என்று விசாரித்துக் கண்டுபிடித்தார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. பெரிய பெரிய எழுத்துகள். அவற்றை வைத்து அச்சிட்டால் இருக்கிற காகிதம் பாதி நூலுக்குக்கூடப் போதாது. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க ஈயம் தேவைப்பட்டது. இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத் தகடுகளை உருக்கி எழுத்து வார்த்தார்கள். காகிதத்துக்குப் பொறையாறில் ஒரு பட்டறை தொடங்கினார்கள். 1714இல் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் வெளிவந்தன, 1715இல் புதிய ஏற்பாடு முழுமையடைந்தது.

சிறை, கவிழ்ந்த படகு, செத்துப்போன அச்சுத் தொழிலாளி, போதாத காகிதம். இவற்றில் எந்த ஒன்றும் மிஷனைக் கைவிடப் போதிய காரணம்தான். அவர்களைத் தாங்கியது பெரிய தரிசனம் என்று பிரசங்கிகள் சொல்லுவார்கள். இருக்கலாம். ஆனால் அன்றாடத்தில் அது தெரிந்த விதம் வேறு: இன்று ஈயம் எங்கே கிடைக்கும், நாளை காகிதத்துக்கு என்ன செய்வது என்ற கேள்விகள். நம்பிக்கை என்பது அவர்களிடம் ஒரு உணர்ச்சியாக இருந்ததைவிடக் கைவேலையாக இருந்தது.

முடிவும் இனிமையானதல்ல. கோபன்ஹேகனில் மிஷன் வாரியத்தை நடத்தியவர், ஊழியர்கள் அப்போஸ்தலரைப்போல வெறுங்கையோடு சுற்றாமல் பள்ளியும் கட்டடமும் கட்டுகிறார்களே என்று கண்டித்து எழுதிக்கொண்டே இருந்தார். தரங்கம்பாடி வெயிலைப் பார்க்காதவரின் கண்டனம். அந்தக் கடிதங்கள் சீகன்பால்குவை உடைத்தன. 1719 பிப்ரவரி 23 அன்று 36 வயதில் இறந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அவருடைய தோழர் கிரண்டலரும் போய்விட்டார். மேலிடத்துக் கடிதத்தால் மனம் நொந்த ஊழியர்கள் இன்று யாராவது இருந்தால், முன்னூறு ஆண்டுப் பழைய கூட்டாளி ஒருவர் அவர்களுக்கு உண்டு. அந்தப் பணி அவர்களோடு முடியவில்லை. 1733 டிசம்பரில் அதே தரங்கம்பாடியில் ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றார். இந்தியர்களில் முதல் சீர்திருத்தச் சபைக் குரு அவர். சீகன்பால்கு அதைப் பார்க்கவில்லை.

நெல்லைக்கு வருவோம். நெல்லைச் சபையின் வரலாற்றில் யாரும் விழா எடுக்காத ஒரு பகுதி உண்டு. தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை குளோரிந்தா 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றதும், 1780இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்ததும், 1785இல் அவர் கட்டிய ஆலயம் பிரதிஷ்டையானதும், 1790இல் சத்தியநாதன் ஐயர் குருப்பட்டம் பெற்றதும், 1799இல் துரத்தப்பட்ட விசுவாசிகள் சேர்ந்து முதலூரை உண்டாக்கியதும் நமக்குத் தெரியும். 1802இலும் 1803இலும் ஆயிரக்கணக்கானோர் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். அதற்குப் பிறகு?

அதற்குப் பிறகு திரை விழுந்துவிட்டது. சுவார்ட்ஸ் 1798இலேயே மறைந்திருந்தார். மிஷனெரி யேனிக்கே 1800இல் காய்ச்சலில் இறந்தார். ஞானஸ்நானம் கொடுத்துச் சுற்றிவந்த கெரிக்கே 1803இல் போனார். ஐரோப்பாவில் நெப்போலியன் போர்கள். ஆளும் இல்லை, பணமும் இல்லை. குமரிப் பகுதியின் மயிலாடியிலிருந்த மிஷனெரி ரிங்கல்தௌபே சில ஆண்டுகள் வந்து பார்த்துப் போனார். 1811இல் கொள்ளைக் காய்ச்சல் ஊர் ஊராகத் தின்றது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் பயந்துபோய்ப் பழைய வழிக்குத் திரும்பினார்கள். அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. வந்து பார்க்க ஆளில்லாத மந்தை அது.

1816இல் ஜேம்ஸ் ஹப் என்ற இராணுவக் குரு பாளையங்கோட்டைக்கு வந்தார். அவருடைய வேலை பட்டாளத்து வெள்ளையருக்கு ஆராதனை நடத்துவது. அக்கம்பக்கத்தில் கிறிஸ்தவர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப்போனார். ஏதோ நாலைந்து குடும்பம் மிஞ்சியிருக்கும் என்று நினைத்துப் போயிருந்தால்கூடத் தவறில்லை. அவர் கண்டது பல ஊர்களில் சிதறிக் கிடந்த சுமார் 3000 கிறிஸ்தவர்களை. முறையான குருத்துவப் பணி அநேகமாக இல்லை. கையில் முழு வேதாகமம் வைத்திருந்தவர்களும் அரிது. உபதேசியார்கள் ஞாயிறுதோறும் ஜனங்களைக் கூட்டினார்கள், ஞானோபதேசத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள், செத்தவர்களை அடக்கம் பண்ணினார்கள். சம்பளம் ஒழுங்காக வந்ததா என்பது சந்தேகம். அந்த ஆண்டுகளில் எழுப்புதல் இல்லை, கன்வென்ஷன் இல்லை, அறிக்கை எழுதி அனுப்ப மேலிடமும் இல்லை. 1820இல் மிஷனெரி ரேனியஸ் வந்து, பிறகு நடந்த பெரிய வளர்ச்சி எல்லாருக்கும் தெரியும். ஆனால் ரேனியஸ் வந்து இறங்க ஒரு தளம் இருந்தது. அந்தத் தளத்தைக் காத்தவர்களின் பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரியாது.

குமரியிலும் இதே கதைதான். 1816இல் ரிங்கல்தௌபே உடல்நலம் கெட்டுக் கப்பலேறியபோது மயிலாடிச் சபையை உள்ளூர்க் கிறிஸ்தவரான வேதமாணிக்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். அடுத்த மிஷனெரி சார்லஸ் மீட் வந்து சேரும் வரை அந்தச் சபைகள் அவருடைய தோளில் இருந்தன.

ஆகவே, இருபது முப்பது பேரோடு ஆராதனை நடத்தும் உங்களுக்கு முன்னோடிகள் யார் என்று கேட்டால் ஆயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் அல்லர். 1803க்கும் 1816க்கும் நடுவில் மணி அடித்தவர்கள்.

கூட்டம் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். சபைகள் கஞ்சி ஊற்றின, துணி கொடுத்தன. கால்டுவெல் அத்தியட்சரின் பகுதியில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். பஞ்சம் தீர்ந்த பின் அவர்களில் ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள். மிஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் குருமார்களாகவும் வந்தார்கள். கூடிய கூட்டத்தை வைத்துச் சபை உயிர்பெற்றது என்றோ, கலைந்த கூட்டத்தை வைத்துச் சபை செத்தது என்றோ அன்றைக்குத் தீர்ப்பு எழுதியிருந்தால் இரண்டுமே பிழையாகியிருக்கும். அதே கால்டுவெல் 1847இல் இடையன்குடியில் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். பிரதிஷ்டை 1880இல். முப்பத்துமூன்று ஆண்டுகள். ஒரு தேர்தலுக்குள் ஒரு கோபுரம் எழும்பிவிட வேண்டும், கல்வெட்டில் தங்கள் பெயர் வந்துவிட வேண்டும் என்று துடிக்கும் நம் காலத்துக் கமிட்டிகள் ஒருமுறை இடையன்குடிக்குப் போய்வரலாம். பேருந்து வசதி உண்டு.

எழுப்புதல் கூட்டங்களை இந்த மடல் எதிர்க்கவில்லை. வெளியூர்ப் பேச்சாளர், எல்இடி திரை, மூன்று இரவு ஜெனரேட்டர் சத்தம் இவையெல்லாம் சிலருக்கு உதவியிருக்கலாம். ஆனால் மூன்றாம் இரவு பந்தலைப் பிரித்துக்கொண்டு போன பிறகு நாலாம் நாள் காலையில் ஊரில் யார் இருக்கிறார்கள்? நீங்கள்தான். புதுப்பித்தலை வாடகைக்கு எடுத்து வர முடியாது. அது உள்ளூரில், உள்ளூர் ஆட்களின் சொந்தக் காசில், சொந்தப் பொறுப்பில் தொடங்கும்போதுதான் நிற்கிறது.

இதற்கு 1903 ஒரு நல்ல உதாரணம். வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா அப்போது கிறிஸ்தவ வாலிபர் சங்க (ஒய்.எம்.சி.ஏ.) ஊழியர். இன்னும் குருப்பட்டம்கூடப் பெறவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காணிக்கையிலிருந்து தமிழகத்தின் தொண்டியில் ஒரு ஊழியரைத் தாங்குவதைப் பார்த்தார். நெல்லைச் சபை நூறாண்டைத் தாண்டியது, ஆள்பலம் பெரிது, பணமும் அப்படியொன்றும் குறைவில்லை. ஆனாலும் வெளியாரிடம் வாங்கிக்கொண்டே இருக்கிறதே என்று அவரைச் சுட்டது. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லை நோக்கி ஆட்களை அனுப்பினார்கள். 1912 டிசம்பர் 29 அன்று அசரியா கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். கிராமத்துப் பெண்கள் அடுப்பு மூட்டும்போது எடுத்துவைத்த கைப்பிடி அரிசிக்கும் இந்தச் சரித்திரத்தில் பங்கு உண்டு. சோர்ந்த சபை தன் காயத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் தன்னைவிடத் தேவையுள்ள இன்னொருவரைத் தேடிப் போன இடத்தில்தான் அதற்குப் புது உயிர் வந்தது. உங்கள் சபையில் இருபது பேர்தான் என்றால், அந்த இருபது பேர் யாருக்காவது எதையாவது கொடுக்கிறார்களா என்று பாருங்கள். பக்கத்து ஊர் முதியவர் ஒருவருக்கு மதியச் சாப்பாடாக இருந்தாலும் போதும்.

தோற்றவர்களே தோற்றவர்களைத் தேற்றியிருக்கிறார்கள் என்பதற்கு நாட்டாலம் நீலகண்ட பிள்ளையைச் சொல்லலாம். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். கால்நடை அழிந்தது, பொருள் நஷ்டமானது, மனம் ஒடிந்துபோனார். அவரிடம் யோபுவின் கதையைச் சொன்னவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைவீரர். வெற்றிபெற்றவரின் படைக்கே பயிற்சி கொடுக்கும் நிலைக்கு வந்தவர். எல்லாவற்றையும் இழந்தவனின் கதையைத் தானும் இழந்தவர் சொன்னதால்தான் அது உள்ளே இறங்கியது. நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் ஆனார், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டார். உங்கள் தோல்வியை மறைத்துக்கொண்டு பிரசங்க பீடம் ஏற வேண்டியதில்லை. அது இன்னொருவருக்கு ஆறுதல் சொல்ல உங்களுக்குக் கிடைத்த தகுதி.

இலங்கையின் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தை நினைக்காமல் இந்த மடலை எழுதுவது நேர்மையாகாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுதல் ஞாயிறு. ஞாயிறு பள்ளியை முடித்துவிட்டு முற்றத்தில் நின்ற பிள்ளைகளின் நடுவே குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். உயிர்த்தெழுதல் செய்தியைக் கேட்க வந்த இடத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் நம்பிக்கையைப் பற்றி யார் என்ன பேச முடியும்? பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் இருந்தது. அந்தச் சபையார் வேறொரு மண்டபத்தில் மறுபடியும் கூடி ஆராதித்தார்கள். அவர்கள் கூடினார்கள் என்பதற்கு மேல் அங்கே விளக்கம் எதுவும் வேண்டாம்.

எரேமியா செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டு விண்ணப்பத்துக்கு வருவது உத்தமம். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. தீர்க்கதரிசி காவலில் கிடக்கிறார். நகரம் விழப்போகிறது என்று சொன்னவரே அவர்தான். அந்த நேரத்தில் உறவினர் ஒருவர் வந்து ஆனதோத்து ஊர் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். எதிரி பாளயமிறங்கியிருக்கும் நிலம்! எந்தப் புரோக்கரும் சிரிப்பார். எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, பத்திரம் எழுதி, சாட்சிகளைக் கையொப்பமிட வைத்து, நெடுநாள் கெடாமலிருக்க மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொன்னார். மறுபடி இந்த நாட்டில் வீடும் நிலமும் வாங்குவார்கள் என்பதை அவர் பிரசங்கத்தால் சொன்னதைவிடப் பத்திரத்தால் சொன்னார். இந்த நிலத்தை உழப்போவது தான் அல்ல என்பதும் அவருக்குத் தெரியும்.

உங்களிடம் கேட்க இருப்பதும் எழுத்து வேலைதான். உங்கள் ஊரில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டிமாரும் தாத்தாமாரும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் சிறுபிராயத்தில் ஆலயத்தில் ஜெபம் நடத்திய உபதேசியார் யார், அவருடைய மனைவி யாருக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார், காலரா வந்த ஆண்டில் பிரேதங்களைத் தூக்கியது யார், கோவில்பிள்ளையாக இருந்து கூலியில்லாமல் மணி அடித்தது யார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். திருமண்டல வரலாற்று நூல்களில் அந்தப் பெயர்கள் இல்லை. அசனப் பண்டிகை மலரில் விளம்பரம் கொடுத்தவர்களின் படம் இருக்கிறது, இவர்களுடையது இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் அந்த நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். பெயர், ஆண்டு, செய்த வேலை, பட்ட கஷ்டம் எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதைக் கைப்பேசியில் வாசித்து அனுப்புங்கள். தங்கள் தாத்தாவின் பெயர் வரும்போது அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். லெந்து நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை பிரசங்கத்துக்குப் பதிலாக அந்த நோட்டை ஆலயத்தில் வாசியுங்கள். கடைசிப் பக்கங்களில் உங்கள் சொந்தப் பெயரையும், நீங்கள் அந்த ஊருக்கு வந்த ஆண்டையும், அப்போது சபையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் கூச்சப்படாமல் எழுதி வையுங்கள். பெரியவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த மாதமே தொடங்குங்கள்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
உங்களைப் போன்ற ஒரு சிற்றூர்ச் சபையின் அங்கத்தினர்